ஆன்சியின் போர்வைக்குத் தையற்கூலி

ஜெயக்கொடி விலை சொல்வதற்கு யாரும் காத்து நின்றதில்லை. சாதா ஜாக்கெட் நூற்றிருபது, லைனிங் வைத்தால் முன்னூறு, நைட்டிக்கு நூறு, ஜிப் மாற்ற நாற்பது. வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். கேட்டவர்கள் வழக்கம்போலக் குறைக்கச் சொல்வார்கள், இவளும் வழக்கம்போல நூல் விலையைச் சொல்லி மூக்கைச் சிந்துவாள், கடைசியில் பத்து ரூபாய் குறையும். ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில், தகரம் இறக்கிய முன்வாசலில் மோட்டார் மிஷினைப் போட்டு உட்கார்ந்து, வருஷக்கணக்காக அவள் பாடுகிற பாட்டு இது. அப்படிப்பட்ட வாய்க்காரி, தங்கம் டீச்சர் வந்து "எம்புட்டு ஆகும்?" என்று கேட்டபோது பதில் தெரியாமல் நின்றாள்.

ஆடிக் காற்று தகரத்தைப் பிய்த்துவிடுவதுபோல் அடித்துக்கொண்டிருந்த மத்தியானம் அது. டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே இரண்டு பெரிய பைகள். ஆட்டோக்காரர் தூக்கப் போனபோது வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக அவரே தூக்கி வந்து மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஆன்சி துணி" என்றார்.

ஆன்சி அவருடைய ஒரே மகள். நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தவள். பங்குனியில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண்ணின் தோள் அளவும் இடுப்பு அளவும் ஜெயக்கொடிக்கு டேப் இல்லாமலே தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்துச் சீருடையிலிருந்து கல்லூரிச் சுடிதார்வரை இவள் கையால் தைத்ததுதான். வளர வளரப் பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொடுத்ததும் இவள்தான். பிள்ளை இல்லாத ஜெயக்கொடிக்கு அந்தப் பெண்ணின்மேல் ஒரு ஒட்டுதல் உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

"உக்காருங்க டீச்சர். தண்ணி குடிக்கிறீகளா?"

"வேணாம்மா. இதெல்லாத்தையும் வெட்டி ஒட்டுப்போட்டு ஒரே போர்வையாத் தைக்கணும். கட்டில் அளவுக்கு. நினைவுப் போர்வைன்னு போன்ல பாத்தேன். உன்னால முடியுமா?"

"முடியும் டீச்சர். வெட்டணுமா? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒண்ணையும் விட்டுறாத. கையகலத் துண்டு மிஞ்சுனாலும் எனக்குத் திருப்பிக் குடுத்துரு."

"சரிங்க டீச்சர்."

"எம்புட்டு ஆகும்?"

ஜெயக்கொடி பையைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். "இந்த மாதிரித் தச்சதில்லையே டீச்சர். வேலையைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"பாத்துச் சொல்லு. நான் பேரம் பேச மாட்டேன்."

ஆட்டோ போனபிறகு ஜெயக்கொடி பையைத் திறந்தாள். ஒவ்வொரு உடுப்பும் தனித்தனியாக பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை இறுக்கி முடிந்து, முடிச்சின்மேல் ஒட்டு டேப்பும் சுற்றியிருந்தது. கரப்பான் பூச்சிக்குப் பயந்து இப்படிக் கட்டியிருக்கிறார் போல, டீச்சர் வீட்டு ஒழுங்கே தனி என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து அவள் செய்ததில் யோசனை என்று எதுவும் இல்லை. இரண்டு பைகளையும் வீட்டுக்குள் கொண்டுபோகாமல் சுற்றிக்கொண்டு பின்பக்கம் தூக்கிப்போனாள். ஜெயக்கொடியின் ஊர்ப் பக்கம் செத்தவர் துணி சுடுகாட்டோடு போய்விடும். மிஞ்சியதை ஆற்றில் விடுவார்கள். ஏதாவது ஒன்று வீட்டுக்குள் வந்தே ஆகவேண்டும் என்றால் நனைந்துதான் வாசற்படி ஏறவேண்டும். ஆடிப் பிறந்ததும் வேப்பிலை கட்டுகிற மாதிரி, கை தானாகச் செய்கிற காரியம் அது. போர்வெல் தண்ணீரில் உப்பு, அதில் நனைத்தால் சாயம் மங்கிவிடும் என்று, குடம் இவ்வளவு என்று விலைக்கு வாங்கி வைத்திருந்த நல்ல தண்ணீரை எடுத்தாள். துளி மஞ்சள் கரைத்து முதல் தண்ணீர், பிறகு சோப்புத் தூள், பிறகு வாசனைக்கு ஒரு பாக்கெட் கம்ஃபோர்ட். கவர்களை ஒவ்வொன்றாகக் கத்தரியால் கிழித்து, துணிகளை அடித்துக் கசக்காமல் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அலசினாள். மாடிக் கொடியில் ஆன்சி ஒரு சாயங்காலம் முழுக்கக் காற்றில் ஆடினாள். ஜெயக்கொடி கீழே நின்று பார்த்து அழுதாள். நல்ல காரியம் செய்தோம் என்று மனசுக்கு ஒரு நிறைவும் இருந்தது.

விலைப் பேச்சு அன்றைக்குச் சோறு தின்னும்போது வந்தது. அவள் புருஷன் முத்துப்பாண்டிதான் ஆரம்பித்தான். கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் பிரஸ் மிஷின் அவன் வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. கம்பெனி ஏதோ கொஞ்சம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டது. அதிலிருந்து வீட்டில் இருக்கிறான். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு ஸ்பூன் பழகிக்கொண்டான். கருத்தக்கண்ணன் என்று ஒருவர் செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துகிறார். அவர் கப்பலூரிலேயே வேறொரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்றிருந்தார். யூனிபாரம், ஷூ, டெபாசிட் எல்லாம் சேர்த்து ஏழாயிரம் கட்டவேண்டும், ஆவணி பிறப்பதற்குள் கட்டவேண்டும்.

"டீச்சருக்குச் சம்பளம் எம்புட்டு இருக்கும்?"

"அதெதுக்கு ஒங்களுக்கு?"

"வெலை சொல்லணும்ல."

"வெலையை வேலைக்குத்தான் சொல்லணும். அவுக சம்பளத்துக்கா சொல்லுவாக?"

"ஆஸ்பத்திரியில அப்பிடித்தான் சொல்றாய்ங்க. சரி, வேலைக்கே சொல்லு. அடியில வைக்கிற காடாத்துணி எம்புட்டு?"

"எண்ணூறு வரும். வெளக்குத்தூண் பக்கம் போனா அம்பது கொறையும்."

"நடுவுல வைக்கிற பஞ்சு?"

"அறுநூறு."

"நூல், கரண்டு?"

"எரநூறு வச்சுக்கங்க."

"ஆயிரத்து அறுநூறு ஆச்சா. ஒரு நாளைக்கு எத்தனை ஜாக்கெட்டுத் தைப்ப?"

"நாலு. கண்ணு நல்லா இருந்தா அஞ்சு."

"நாலே இருக்கட்டும். இது எத்தன நாள் வேலை?"

"பிரிக்கணும், வெட்டணும், தேய்க்கணும். பத்து நாள் பிடிக்கும்."

அவன் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு மிச்சமிருந்த விரல்களில் எண்ணினான். "நாலாயிரத்து எண்ணூறு. முன்னாடி சொன்னதைச் சேத்தா ஆறாயிரத்து நாநூறு. பாத்தியா புள்ள, நாயமான கூலியே அம்புட்டு வருது."

"ஒத்தக்கடையில எவ ஒரு போர்வைக்கு ஆறாயிரம் குடுப்பா? கடையில எண்ணூறு ரூவாய்க்கு விக்கிறான். மூவாயிரம் சொல்லலாம்னு இருக்கேன்."

"கடையில விக்கிறது அவுக மக துணியா?" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "செத்த பிள்ளை துணியத் தொட்டு வேலை செய்யிறதுக்கு ஒரு அறுநூறு சேத்துக்க" என்றான்.

"அந்தப் பிள்ளையத் தொடுறதுக்குக் கூலியா?"

"யாரு செய்வா சொல்லு. எந்த டெய்லரு கையில வாங்குவான்? ஏழாயிரம்."

ஜெயக்கொடிக்குச் சோறு இறங்கவில்லை. மேலே ஏழாயிரம் என்று எழுதி வைத்துக்கொண்டு அங்கே ஏறுவதற்கு இவன் கீழிருந்து படி கட்டுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு படியையும் மிதித்துப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது. அந்தக் கடைசிப் படியைத் தவிர எதையும் பொய் என்று சொல்ல முடியவில்லை. தன் பத்து நாளுக்கு ஐயாயிரம் பெறும் என்று அவளே இதுவரை கூட்டிப் பார்த்ததில்லை, அதை நினைத்தும் ஒரு ஆத்திரம் வந்தது.

வேலை ஆரம்பித்தது. பிரிப்பதுதான் பாடாக இருந்தது. இவள் தையல் லேசில் விடாது என்று ஊரெல்லாம் பேர், இப்போது அந்தப் பேரே விரல் நுனியைக் கிழித்தது. விட்டுக்கொடுத்த ஓரங்களைப் பிரிக்கப் பிரிக்க, உள்ளே மடங்கிக் கிடந்த துணி வாங்கின அன்றைக்கு இருந்த நிறத்தோடு வெளியே வந்தது. கிறிஸ்துமஸுக்குத் தைத்த சிவப்புக் கவுனில் முதல் வெட்டுப் போட முடியாமல் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்து போய் டீ போட்டுக் குடித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து கண்ணை மூடாமல் வெட்டினாள். பிறகு கை பழகிவிட்டது. கவுனுக்குப் பக்கத்தில் சீருடைக் கட்டம், அதை ஒட்டிப் பச்சைச் சுடிதார், நர்ஸிங் வெள்ளைக் கோட்டு நாலு மூலைக்கும். துணியில் மணம் ஏறிவிடக் கூடாது என்று அந்த நாட்களில் வீட்டில் கருவாடு வைக்கவில்லை. முத்துப்பாண்டி ரசத்தை ஊற்றிக்கொண்டு, "நல்லவேளை, டீச்சருக்கு ஒரு மகதான்" என்று முனகினான். அதற்கு அவள் அவனோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. சொன்ன பிறகு அவனுக்கே அது பிடிக்கவில்லை, ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

முக்கால்வாசி முடிந்திருந்தபோது டீச்சர் வீட்டுக்காரர் ராயப்பன் வந்தார். பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மொபெட்டை நிறுத்திவிட்டு நடுவாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"வெலை எம்புட்டும்மா வரும்? சொன்னீன்னா பேங்க்ல எடுத்து வச்சிருவேன். அவ எங்கயும் வெளிய வாரதில்ல."

உள்ளே முத்துப்பாண்டி டிவி சத்தத்தைக் குறைத்தது கேட்டது. ஜெயக்கொடி சொல்வதற்கு வாயெடுத்தாள். அதற்குள் அவர் கீழே குனிந்து போர்வையின் ஓரத்தைத் தொட்டார்.

"நல்லா வந்திருக்கு. இது வந்துட்டா அவ தூங்கிருவா. தெனம் ஒரு கவரை எடுத்துப் பிரிப்பாம்மா. மூஞ்சியை உள்ள விட்டு மோந்துக்கிட்டே இருப்பா. அப்புறம் காத்தை அமுக்கிட்டு டேப்பைச் சுத்தி வச்சிருவா. பிரிச்சது ஒரு வாரத்துல வாசம் போயிருது, அடுத்ததை எடுப்பா. இப்பிடியே பாதித் துணி தீந்துபோச்சு. மிச்சம் இருக்கிறதை ஒண்ணாத் தச்சுட்டா மூடிக்கிட்டுப் படுத்துக்கலாம், பிள்ளை வாசம் பூராவும் ஒரே எடத்துல இருக்கும்கிறா. எனக்கு மூக்குல ஒண்ணும் தெரியல. அவளுக்குத் தெரியுது."

ஜெயக்கொடி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. துணியைத் துவைத்திருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, துவைக்காமல் விடவேண்டும் என்று இவளுக்கு அன்றைக்குத் தோன்றாதது மாதிரி.

"வெலை?" என்றார் மறுபடி.

"டீச்சர்கிட்டயே சொல்றேன் சார்."

மொபெட் சத்தம் சந்தைத் தாண்டுவதற்குள் முத்துப்பாண்டி வெளியே வந்துவிட்டான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"சொல்லாத" என்றான். "வெட்டித் தேச்சுத் தக்கிறப்ப வாசம் போகத்தான செய்யும். அவுகளே அப்பிடி நெனச்சுக்கிருவாக."

"நான் சோப்புப் போட்டு அலசிருக்கேன். கம்ஃபோர்ட்டு ஊத்தியிருக்கேன்."

"அந்தப் பிள்ளை என்ன பவுடர் போடும்? சார்ட்டயே சும்மா கேக்கலாம். ஒரு டப்பா வாங்கி லேசா தூவி விட்டா என்ன?"

ஜெயக்கொடி சீறி விழுந்தாள், வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். ஆனால் மறுநாள் மத்தியானம் கடைக்கு நூல் வாங்கப் போனவள் பவுடர் டப்பாக்கள் அடுக்கியிருந்த பக்கம் நின்று, ஒன்றை எடுத்து மூடியைத் திருகி மோந்து பார்த்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆன்சி இடுப்பு அளவு கொடுக்கக் கையைத் தூக்கி நிற்கும்போது வருகிற வாசனை இதுவா அதுவா என்று பிடிபடவில்லை. வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

"காசு வேணாம்னு சொல்லப்போறேன்" என்றாள் வீட்டுக்கு வந்து.

"காடாவுக்கும் பஞ்சுக்கும் நீ போட்டது?"

"போகட்டும்."

அவன் சண்டைக்கு வருவான் என்று நினைத்தாள். அவன் வரவில்லை. சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுக்கொண்டிருந்தான். மேல் பொத்தான் ஒன்று மட்டும் துளைக்குள் போகாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"ஏ புள்ள, எனக்கு அந்த வேலை வேணும்" என்றான். "வாட்ச்மேனுக்கு வெரலு வேணாம். கண்ணுதான் வேணும். விடிஞ்சதுலருந்து அடையிற வரைக்கும் உன் மிஷின் சத்தத்தையே கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன். உனக்கு அது தெரியல. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்."

அவள் போய் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

போர்வை முடிந்த அன்றைக்கு அதை வெள்ளைத் துணியில் சுற்றி முடிந்து, மிஞ்சிய துண்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு நடந்தாள். டீச்சர் வீடு யானைமலையைப் பார்த்த புது வீட்டு வரிசையில் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. போகிற வழியெல்லாம் சொல்லவேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். விலையைத்தான் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்க முடியவில்லை. ஒன்றுமே வேண்டாம் என்று ஒரு காலடி, போட்ட காசையாவது என்று ஒரு காலடி, ஏழாயிரம் என்று ஒரு காலடி.

டீச்சர் தலை சீவி, நல்ல சேலை கட்டிக் காத்திருந்தார். ஜெயக்கொடி மூட்டையை அவர் முன்னால் வைத்தாள். டீச்சர் முடிச்சில் கை வைக்கும்போதே சொல்லிவிட்டாள்.

"பிரிக்கிறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லணும் டீச்சர். துணியெல்லாம் நான் தொவச்சுட்டேன்."

டீச்சர் கை முடிச்சிலேயே நின்றது. "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். எங்க பக்கம் எறந்தவுக துணி நனையாம வாசப்படி ஏறக்கூடாது. யோசிக்கவே இல்ல டீச்சர். சார் வந்து சொன்னப்பறம்தான் தெரிஞ்சுச்சு. நல்ல தண்ணியிலதான் தொவச்சேன்."

டீச்சர் முடிச்சை அவிழ்த்தார். போர்வையை அள்ளி முகத்தை அதற்குள் புதைத்தார். சிவப்புக் கவுன் பக்கம், சீருடைப் பக்கம், வெள்ளைக் கோட்டு மூலை என்று இடம் மாற்றி மாற்றி மோந்தார். அடுப்படி வாசலில் ராயப்பன் நின்றிருந்தார், கிட்டே வரவில்லை. நிமிர்ந்தபோது டீச்சர் முகத்தில் அழுகை இல்லை. அழுதிருந்தால் ஜெயக்கொடி தாங்கியிருப்பாள்.

"கடையில வாங்குன மாதிரி இருக்கு" என்றார். பிறகு தையலில் விரலை ஓடவிட்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். "வேலை நல்லாச் செஞ்சிருக்க. எம்புட்டு?"

"காசு வேணாம் டீச்சர்."

"எம்புட்டுன்னு கேட்டேன்."

"தப்புப் பண்ணிட்டேன். அதுக்குப் போயி எப்பிடிக் கூலி வாங்குவேன்?"

"நீ வாங்காமப் போனா நான் உன்னை மன்னிச்சுட்டேன்னு ஆயிரும்" என்றார் டீச்சர். குரல் உயரவில்லை. "நான் மன்னிக்கல ஜெயக்கொடி. ஞாயித்துக்கெழம சர்ச்ல மன்னிப்பைப் பத்தி வாசிக்கிறவதான் நான். இதை என்னால முடியல. உம்மேல தப்பில்லன்னு தெரியுது, அப்பவும் முடியல. தச்சதுக்கு உன் கூலி என்னவோ அதை வாங்கிட்டுப் போயிரு. உன் தயவு ஒண்ணு இந்த வீட்டுல கெடக்க வேணாம்."

ஜெயக்கொடி ராயப்பனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூவாயிரம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பொத்தான் நழுவியதும் கூடவே வந்தது.

"ஏழாயிரம்" என்றாள். சொன்ன குரல் முத்துப்பாண்டியுடையது போல் அவளுக்கே கேட்டது.

டீச்சர் கண் இமைக்கவில்லை. உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார். ஜெயக்கொடி எண்ணாமல் பர்ஸில் வைத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, துண்டுப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு கால் செருப்பை மாட்டியாயிற்று.

"தொவச்ச தண்ணிய எங்க ஊத்துன?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. திரும்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. டீச்சர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணைப் பார்த்துச் சாக்கடை என்ற வார்த்தையைச் சொல்ல யாராலும் முடியாது. உண்மை சொல்லி அன்றைக்கு ஆகவேண்டியது ஆகிவிட்டது, இன்னொன்றுக்கு ஜெயக்கொடியிடம் தெம்பு இல்லை.

"மரத்துக்குத்தான் டீச்சர். வீட்டுக்குப் பின்னால முருங்க நிக்கிது. அதுக்குத்தான் ஊத்துனேன், ஒரு சொட்டு வெளிய விடல."

"முருங்கைக்கா" என்றார் டீச்சர். பங்குனிக்குப் பிறகு அந்த முகம் முதல் தடவையாக இளகியது. "பூத்திருக்கா?"

"ம்."

டீச்சர் உள்ளே திரும்பி, "என்னங்க, கொடையை எடுங்க" என்றார்.

"எங்க போற, இந்த வெயில்ல?" என்று கேட்டுக்கொண்டே ராயப்பன் வந்தார்.

"ஜெயக்கொடி வீட்டுக்கு. மரத்தைப் பாத்துட்டு வந்துரலாம்."

ஜெயக்கொடியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கை அகலத்துக்குச் சிமெண்டுத் தரை, ஒரு துவைக்கிற கல், சுவரில் தெருச் சாக்கடைக்குப் போகிற ஒரு ஓட்டை. அவ்வளவுதான். அந்தச் சந்திலேயே முருங்கை கிடையாது. அவள் இன்னொரு செருப்பைக் காலால் தேடிக்கொண்டு நின்றாள். டீச்சர் அதற்குள் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, "வா" என்று முன்னால் நடந்தார்.